கை அசைந்தால் ஓடும் கடிகாரம்

வேம்புலியம்மாளுக்கு எதையும் அலமாரியில் வைத்துப் பூட்டுகிற பழக்கம் கிடையாது. முக்கியமானது எதுவோ அது முந்தானை நுனியில் முடியப்பட்டு இடுப்பில் செருகப்படும். மாங்காட்டிலிருந்து ஆவடி குவார்ட்டர்ஸுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். வீட்டுச் சாவி, கழன்று விழுந்த மூக்குத்தித் திருகு, மகன் சிவராமனின் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட், எல்லாம் அந்த முடிச்சில் இருந்தவைதான். ஹால் டிக்கெட்டில் வியர்வை பட்டு, போட்டோவில் தன் மூக்கு அழிந்துபோனதை அவன் நாற்பது வயதிலும் சொல்லிக் காட்டுவான்.

“உன் இடுப்புல ஒரு பீரோவே கீதுமே,” என்று அவள் புருஷன் தட்சிணாமூர்த்தி கேலி செய்வார்.

“பீரோவ எவனாவது தூக்கிகினு போவான். என்னத் தூக்கிகினு போவ எவன் வரான்?” என்பாள் அவள்.

தட்சிணாமூர்த்தி ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் இன்ஜின் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர். டாங்கிக்குப் போகிற இன்ஜினை மேடையில் ஏற்றி, ஓடவிட்டு, பக்கத்திலேயே நின்று பார்க்கிற வேலை. அதனால் இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கொண்டன. ஒன்று, வலது காது மந்தம். இன்னொன்று, மனிதர்கள் பேச்சில் நம்பிக்கையில்லாமல் போனது. “மனுசன் மூஞ்சிக்காகப் பேசுவான். மிஷினுக்கு ஏது மூஞ்சி?” என்பார். குவார்ட்டர்ஸில் அவருக்கு நண்பர்கள் குறைவு என்பதில் ஆச்சரியமில்லை. வேம்புலியம்மாளுக்கோ பிளாக் முழுவதும் சிநேகம். இரண்டு கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்றவள். மாவுக் குண்டானைத் தூக்கித் தூக்கி உரம் ஏறிய கைகள். அந்தக் கைகள் பிற்பாடு வேறு வேலைக்கு உதவின.

ஓய்வு பெற்றதும் பட்டாபிராமில் இரண்டு அறை வைத்து வீடு கட்டிக்கொண்டு வந்தார்கள். மகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து, கல்யாணமாகி, பாரிவாக்கத்தில் ஃபிளாட் வாங்கிப் போனான். ஞாயிற்றுக்கிழமை வருவான். இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன ஆடி மாதம் ஒரு காலையில், லுங்கியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்த தட்சிணாமூர்த்தி, கட்டி முடிக்காமலே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. இடது கையும் காலும் போயின.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபின் வேம்புலியம்மாள் புதிதாகக் கற்றுக்கொண்டவை பல. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். படுக்கையில் அந்தக் கைக்கு அடியில் தலையணை வேண்டும். கஞ்சியை மோவாய் தாழ்ந்திருக்கும்போதுதான் கொடுக்க வேண்டும், அண்ணாந்தால் புரையேறும். முதுகில் சிவப்புத் தடம் தெரிந்தால் அங்கே தேய்க்கக் கூடாது, அந்தப் பக்கம் படுக்கவைக்காமல் இருந்தால் போதும். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் ஜெபா. மார்த்தாண்டத்துப் பெண், அம்பத்தூரில் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள், பிசியோதெரபி படித்தவள். ஒன்றுவிட்டு ஒரு நாள் ஸ்கூட்டரில் வந்து அவருக்குப் பயிற்சி கொடுப்பாள். கால் கொஞ்சம் பிடி கொடுத்தது. இருவர் தாங்கினால் எழுந்து நின்று, சுவரோரமாக நாலு எட்டு வைத்தார். கை மட்டும் மாவுப்பை மாதிரி தொங்கியது.

வருகிறவர்களெல்லாம், “அண்ணே, போன தடவைக்கு இப்ப நல்லாத் தேறிட்டீங்க,” என்பார்கள்.

அவர்கள் போனதும் தட்சிணாமூர்த்தி மனைவியைப் பார்ப்பார். “தேறிக்கினு கீறேனாம். இன்னா, எழுந்து சிலம்பம் சுத்தறேனா? எல்லாம் பொய்யி. நீயும் பொய்யி.”

“நான் ஒண்ணுமே சொல்லலையே.”

“சொல்லாம கீறதே ஒரு பொய்யி.”

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வந்த சிவராமன் புதுக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வாட்ச் பைத்தியம். சம்பாதிக்க ஆரம்பித்ததும் பைத்தியம் பணக்காரப் பைத்தியமாகிவிட்டது. இந்தக் கடிகாரத்துக்குப் பேர் கொடுத்துவிட்டு இரண்டு வருஷம் காத்திருந்தானாம். சுவிட்சர்லாந்தில் செய்தது. கருநீல முகம், அதற்குள் மூன்று சின்ன வட்டங்கள், பக்கவாட்டில் இரண்டு பொத்தான். மேல் பொத்தானை அழுத்தினால் நீளமான முள் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும்.

“உலகத்துலயே மொத்தம் முந்நூறுதாம்மா. பின்னாடி நம்பர் போட்டிருக்கு பாரு.”

“மீதிப் பேருக்கெல்லாம் மணி தெரியாமயா போச்சு?” என்றாள் வேம்புலியம்மாள்.

தட்சிணாமூர்த்தி சிரிக்கவில்லை. வலது கையை நீட்டி மகனின் மணிக்கட்டைப் பிடித்தார். “அவுறு. பின்பக்கம் காட்டு.”

பின்பக்கம் கண்ணாடி. உள்ளே பல்சக்கரங்கள் தெரிந்தன. அவற்றுக்கு மேலே அரைவட்டத் தகடு ஒன்று, கடிகாரத்தைச் சாய்த்த பக்கமெல்லாம் விழுந்து விழுந்து சுழன்றது. அவர் சாய்த்தார், நிமிர்த்தினார், மறுபடி சாய்த்தார். மூன்று மாதமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணில் வெளிச்சம் வந்ததை மூவருமே கவனித்தார்கள்.

“பேட்டரி?”

“கெடையாதுப்பா. கை அசையறப்ப அந்தத் தகடு சுத்தும். அது ஸ்பிரிங்க முறுக்கும். கை அசைஞ்சா ஓடும்.”

“அசையலன்னா?”

“ரெண்டு நாள் ஓடிட்டு நின்னுடும்.”

தட்சிணாமூர்த்தி கடிகாரத்தை மகனிடம் நீட்டினார். பிறகு, “இந்தக் கைல கட்டு,” என்றார். அவர் கண்ணால் காட்டியது இடது கையை.

சிவராமன் அம்மாவைப் பார்த்தான். அவன் மனைவி சௌம்யா, “குடுங்களேன், மாமா ஆசைப்படறாங்க இல்ல?” என்றாள். அவனுக்கு அது எளிதில்லை. ஆனாலும் கட்டிவிட்டான். நல்ல பிள்ளைதான்.

மறுநாள் ஜெபா வந்து பார்த்துவிட்டு மறுத்தாள். “ஐயா, இந்தக் கையில நீர் கட்டும். உணர்ச்சி கம்மி. வார் இறுக்கினா தோல் கிழியறதுகூடத் தெரியாது.”

“பாப்பா, நீங்கல்லாம் எனக்குச் சொல்றது மூஞ்சிக்கு. இது சொல்றது நெசம். ஓடுதா, கை அசையுது. நின்னுச்சா, இல்ல. அவ்ளோதான் மேட்டரு.”

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். காலையில் உடம்பு துடைப்பதற்குமுன் கழற்றிவிட வேண்டும். எண்ணெய் தேய்த்து, பயிற்சி முடிந்து, மதியம் தூங்கி எழுந்து, காபி குடிக்கும்போதுதான் திரும்பக் கட்ட வேண்டும். அதுவும் வாருக்கடியில் ஒரு விரல் போகிற அளவு தளர்த்தி.

இதில் வேம்புலியம்மாளுக்கு ஒரே ஒரு கவலை. பகலில் அந்தச் சாமானை எங்கே வைப்பது? மகன் விலை சொல்லவில்லை, சொல்லாததிலிருந்தே தெரிந்தது. பால்காரர் வருகிறார், கேஸ்காரர் வருகிறார், ஜன்னல் தெருவைப் பார்த்திருக்கிறது. அவள் யோசிக்கக்கூட இல்லை. கடிகாரத்தைப் புடவை நுனியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அதோடு பெருக்கினாள், துணி அலசினாள், குனிந்து நிமிர்ந்து அவரைத் தூக்கி உட்காரவைத்தாள், மாடிக்குப் போய் அதைக் காயப்போட்டு வந்தாள். மதியம் காபிக்குமுன் சமையலறையில் நின்று முடிச்சை அவிழ்த்து, முந்தானையால் ஒரு துடை துடைத்து, கொண்டுபோய்க் கட்டினாள்.

இரண்டு நாள் கழிந்தது, மூன்றாவது நாளும் கழிந்தது. கடிகாரம் நிற்கவில்லை.

நாலாம் நாள் காலை தட்சிணாமூர்த்தி அவளைக் கூப்பிட்ட குரலில் அவள் கரண்டியோடு ஓடிவந்தாள்.

“வேம்பு, ஓடுதுமே.” அவர் அழுதுகொண்டிருந்தார். வாய் கோணலாக இருந்ததால் அது சிரிப்பு மாதிரியும் இருந்தது. “கை அசையுதுமே.”

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். தலையணைமேல் அப்படியேதான் கிடந்தது. ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மிஷினைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? அவளும் உட்கார்ந்து அழுதாள்.

ஜெபாவுக்கு நம்பிக்கை வரவில்லை. அவருடைய இடது கையை உயர்த்திப் பிடித்து, “எத்தனை செகண்டு நிக்குதுன்னு நீங்களே பாருங்கய்யா,” என்று விட்டாள். அவர் வலது கையில், கழற்றிய கடிகாரத்தை வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். நீள முள் புறப்படுவதற்குள் இடது கை மெத்தையில் விழுந்துவிட்டது.

“தபாரு,” என்றார் தட்சிணாமூர்த்தி, கொஞ்சமும் அசராமல். “முழிச்சிகினு கீறப்ப அதுக்கு வெக்கம். தூக்கத்துலதான் அசையுது.”

ஜெபா சிரித்துவிட்டாள். நரம்பு திரும்புகிற வழி யாருக்குத் தெரியும், இருக்கட்டும் என்று நினைத்தாள்.

அந்த ஒரு மாதம் வீடு வீடாக இருந்தது. தட்சிணாமூர்த்தி ஷேவ் செய்துகொண்டார். கஞ்சி போய்க் குழைந்த சோறு வந்தது. மகனுக்குத் தினமும் போன்: “நைனா, ஓடுதுடா.” சிவராமன் அதை ஆபீஸில் எல்லோரிடமும் சொன்னான். பிறகு தட்சிணாமூர்த்தி ஆளைக் கூப்பிட்டுக் குளியலறையில் எஃகுக் கம்பி ஒன்று பொருத்தச் சொன்னார். உள்ளே நுழையும்போது இடது கைப்பக்கச் சுவரில்.

“வலப்பக்கம் வைங்கய்யா,” என்றாள் ஜெபா.

“வலது கைக்கு எதுக்குக் கம்பி? அது நல்லாத்தான கீது. பொங்கலுக்கு நானே அத்தப் புட்சிகினு கக்கூசுக்குப் போவேன். இந்தப் பொம்பளைய எத்தினி நாளைக்கு அள்ளிக் கொட்டச் சொல்றது?”

அவர் வேம்புலியம்மாளைப் பார்க்காமல்தான் அதைச் சொன்னார். நாற்பத்தைந்து வருஷத்தில் அவர் அவளைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளில் அது ஒன்று.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு. சௌம்யா உள்ளே மாமனாரிடம் பேசிக்கொண்டிருந்தாள். வேம்புலியம்மாள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினாள். சிவராமன் கதவில் சாய்ந்துகொண்டு, தன்னிடமிருக்கும் மற்ற கடிகாரங்களைப் பற்றிச் சொன்னான். அவற்றை வைக்க ஒரு பெட்டி வாங்கியிருக்கிறானாம். கரண்டில் ஓடுகிற பெட்டி. உள்ளே வைத்தால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

“எதுக்கு சுத்தணும்?”

“கட்டாம வச்சா நின்னுடும்மா. பெட்டி ஆட்டிக்கிட்டே இருந்தா ஓடும்.”

“கை இல்லாமயா?”

“கைதான் வேணும்னு இல்லம்மா. ஆட்டம்தான் வேணும். பாக்கெட்ல போட்டுக்கிட்டு நடந்தாக்கூட ஓடும்.”

கீரை உருவிய விரல்கள் நின்றன. அந்த நேரத்தில் கடிகாரம் அவள் இடுப்பில் இருந்தது. அவள் கை தானாக அங்கே போனது. சிவராமன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். “என்னம்மா?” என்றான். “ஒண்ணுமில்ல, பிடிப்பு,” என்றாள்.

மறுநாள் அவள் கடிகாரத்தை இடுப்பில் செருகவில்லை. ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அதில் போட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தாள். மதியம் எடுத்துக் கட்டினாள். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை விடியும்போது கடிகாரம் நின்றிருந்தது.

தட்சிணாமூர்த்தி கத்தவில்லை. கடிகாரத்தைக் காதருகே கொண்டுபோனார். மந்தமில்லாத காதுக்கு மாற்றிப் பார்த்தார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“தண்ணி பூந்திருக்கும்,” என்றாள் அவள்.

“இது கடலுக்குள்ளயே போவுமாம்.”

அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் வாயைத் திறக்கவில்லை. மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, அவள் போனதும் துப்பினார். பயிற்சிக்கு வந்த ஜெபாவிடம், “செத்த பாம்ப எத்தினி நாளைக்கு அடிப்பே, பூடு,” என்றார். வெள்ளிக்கிழமை அவர் வேட்டி இரண்டு தடவை நனைந்தது. கூப்பிடலாமே என்று அவள் கேட்டதற்கு, “எதுக்கு?” என்றார்.

வேம்புலியம்மாள் அடுப்படியில் நின்று பாட்டிலைத் திறந்தாள். இதுவரை செய்தது தெரியாமல் செய்தது. இனிமேல் செய்வது அப்படியில்லை. அவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது. கடிகாரத்தை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, விளக்குமாற்றை எடுத்தாள்.

சனிக்கிழமை மதியம், மறுபடி ஓட ஆரம்பித்திருந்த கடிகாரத்தைக் கட்டும்போது, “நீங்க தூங்கறப்ப பாத்தேன். வெரலு ஆடுச்சி,” என்றும் சொன்னாள். கேட்காமலே சொன்னாள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “சோறு போடு,” என்றார்.

மார்கழி பிறந்ததும் ஜெபாவுக்கு விஷயம் தெரிந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று அவரை நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றினார்கள். மாற்றும்போது வேம்புலியம்மாளின் இடுப்பு ஜெபாவின்மேல் இடித்தது. கல் மாதிரி ஏதோ. ஜெபா சமையலறைக்கு வந்து கேட்டாள். வேம்புலியம்மாள் மறைக்கவில்லை. முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள்.

ஜெபா அதைக் கையில் வாங்கிச் சாய்த்துப் பார்த்தாள். தகடு சுழன்றது. அவளுக்கு முகம் மாறிவிட்டது.

“அம்மா, இன்னைக்கே சொல்லுங்க.”

“சொன்னா சாப்பிட மாட்டாரு.”

“சொல்லலைன்னா ஒருநாள் அந்தக் கம்பியப் பிடிப்பாரு. இடது கையால. அந்தக் கையில ஒரு பிடி பலம் இல்ல. நான் கட்டி எழுப்பிவிட்ட கால் வேற இருக்கு, நடந்துபோயிருவாரு. யோசிச்சுப் பாருங்க.”

“நீ சொல்லேன்.”

“நான் சொல்லிட்டுப் போயிருவேன். நீங்கதானே கூட இருக்கப் போறீங்க? உங்க வாயால வரணும்.”

வேம்புலியம்மாள் புடவை நுனியை மறுபடி முடிந்தாள். “ஞாயித்துக்கெழமை பையன் வருவான். அவன வெச்சிகினு சொல்லிடறேன்.”

ஜெபா வந்தது வியாழக்கிழமை. சனிக்கிழமை காலை தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. வேம்புலியம்மாள் அவரைத் துடைத்து, எண்ணெய் தேய்த்து, கட்டில் விளிம்பில் உட்காரவைத்திருந்தாள். “அசையாம இருங்க, ரெண்டு கொடம் புட்சிகினு வந்துடறேன்,” என்று சொல்லிவிட்டு இறங்கினாள். பொங்கலுக்கு இன்னும் நாள் இருந்தது. அவருக்குத்தான் பொறுக்கவில்லை.

வலது கையால் கட்டில், அப்புறம் பீரோ, அப்புறம் சுவர் என்று பிடித்துக் குளியலறை வாசல்வரை போய்விட்டார். அங்கே வலப்பக்கம் பிடிக்க எதுவும் இல்லை. கம்பி இடப்பக்கம் இருந்தது. அவர் அந்தக் கையை நம்பி, வலது கையைச் சுவரிலிருந்து எடுத்தார்.

குடத்தோடு படியேறியவளுக்குச் சத்தம் கேட்டது.

பக்கத்து வீட்டுக்காரன், சின்னப்பையன் என்றே பேர், ஆட்டோ கொண்டுவந்தான். வேம்புலியம்மாள், “ஆட்டோவுல மடக்கக் கூடாது, ஆம்புலன்சுக்குப் போன் போடு,” என்று தடுத்தாள். கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்த விதத்திலேயே இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேவுக்காக அவரை ஸ்ட்ரெச்சரில் நடைபாதையிலேயே நிறுத்தி வைத்தார்கள். வலிக்கு ஊசி போட்டிருந்தும் வேர்த்துக்கொட்டியது. அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

திடீரென்று அவர் கண்ணைத் திறந்தார். “ஊட்டப் பூட்னியா?”

“சின்னப்பையன் பூட்டிகினு வருவான்.”

“வாட்ச்சு? பையன் வாட்ச்சு எங்க? தொறந்த ஊட்ல போட்டுட்டு வந்துட்டியா?” எழப் பார்த்தார். வலி தூக்கிப் போட்டது. “முந்நூறுதான்டி அது! அவன் ரெண்டு வருசம் காத்துக்கினு கெடந்து வாங்கினது! போ, போய்ப் பாரு!”

“பத்திரமா கீதுங்க.”

“எங்க? கண்ணால காட்டு.”

அவர் மறுபடி எழ முயன்றார். வேறு வழியில்லை. வேம்புலியம்மாள் இடுப்பிலிருந்து முந்தானை நுனியை இழுத்து, பல்லால் முடிச்சைத் தளர்த்தி, கடிகாரத்தை எடுத்தாள். அவர் கையில் வைத்தாள். அது அவள் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

தட்சிணாமூர்த்தி அதைப் பார்த்தார். கவிழ்த்துப் பின்பக்கம் பார்த்தார். உள்ளே தகடு அங்குமிங்கும் விழுந்துகொண்டிருந்தது. இன்ஜின் பார்த்த மனிதர். அதற்கு மேல் அவருக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“எப்பலேர்ந்து இடுப்புல வெக்கிறே?”

“மொத நாள்லேர்ந்து.”

“நடுவுல நின்னுச்சே.”

“அப்ப பாட்டில்ல போட்டு வெச்சிருந்தேன்.”

ஒரு நர்ஸ் வண்டி தள்ளிக்கொண்டு கடந்துபோனாள். அவள் போகும்வரை அவர் காத்திருந்தார்.

“அப்ப, தெரிஞ்சிதான்.”

“அதுக்கப்பறம் தெரிஞ்சிதான்,” என்றாள் வேம்புலியம்மாள்.

அவர் கடிகாரத்தை அவளிடம் நீட்டவில்லை. தன் மார்மேல் வைத்துக்கொண்டார். சிவராமன் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், “இந்தா, உன்னுது,” என்று கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் மகனிடம் எல்லாவற்றையும் நடைபாதையிலேயே சொன்னாள். அவனுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். “அன்னிக்குச் சமையல்கட்டுல என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா,” என்றான். கொஞ்சம் கழித்து, “கட்டிவிட்டது நான்தானே,” என்றான். அந்தக் கடிகாரத்தை அவன் அப்புறம் கட்டவில்லை. சுற்றுகிற பெட்டியிலும் வைக்கவில்லை. விற்றுவிடலாமே என்று சௌம்யா சொல்லிப் பார்த்தாள். அதையும் செய்யவில்லை.

அறுவை சிகிச்சை நடந்தது, எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். ஆனால் பிடி கொடுத்திருந்த கால் மறுபடி போய்விட்டது. வீட்டுக்குத் திரும்பிய தட்சிணாமூர்த்தி மனைவியைத் திட்டவில்லை, பேசாமலும் இருக்கவில்லை. அவள் சொல்வதை நம்புவதைத்தான் விட்டுவிட்டார். கஞ்சி ஆறிவிட்டது என்று அவள் சொன்னால் விரலை விட்டுப் பார்த்தார். மாத்திரை அதேதான் என்றால், அட்டையைக் காட்டச் சொல்லி ஜெபா வந்ததும் படிக்கவைத்தார். மழை விட்டுவிட்டது என்று சொன்னால், சின்னப்பையனைக் கூப்பிட்டு, “வெளில மழையாடா?” என்று கேட்டார்.

வேம்புலியம்மாள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தாள். அழ உட்கார்ந்தால் அவரைத் திருப்பிப் படுக்கவைக்கிற நேரம் தப்பிவிடும். சாவியை இப்போது ஆணியில் மாட்டினாள்.

பயிற்சிக்கு அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. தை முடிவதற்குள் முதுகுத்தண்டின் அடியில் சிவப்புத் தடம் விழுந்து, அழுத்தினாலும் வெளுக்காமல் நின்றது. ஜெபா அதைப் பார்த்துவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“ஒருநாளைக்கு ரெண்டு வேளையாவது உட்காரணும்மா. இல்லைன்னா இது புண்ணாகிரும். அப்புறம் ரொம்ப நாள் தாங்காது.”

“என் பேச்சக் கேக்கறாரா?”

“என் பேச்சையும் கேக்கலை. எனக்குத் தெரிஞ்சும் சொல்லலைன்னு ஒத்துக்கிட்டதுலேர்ந்து கோவம்.”

இருவரும் அறைக்குள் போனார்கள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வேம்புலியம்மாள் கட்டிலைச் சுற்றிப் போய், சுவருக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள். இதமாகச் சொல்ல அவளுக்குப் பல வாக்கியங்கள் தெரியும். ஆறு மாதமாக வருகிறவர் போகிறவரெல்லாம் சொல்லிக் கேட்டவை. அவள் எதையும் எடுக்கவில்லை.

அவர்தான் முதலில் பேசினார். “இந்தக் கை வருமா?”

ஜெபா வாயைத் திறந்தாள். அவர் வலது கையைக் காட்டி நிறுத்தினார். “உன்ன இல்ல. அவளக் கேக்கறேன்.”

“வராது,” என்றாள் வேம்புலியம்மாள்.

“காலு?”

“அதுவும் வராதுங்க.”

தெருவில் காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் தக்காளியைக் கூவிக்கொண்டு போனார். சத்தம் முனை திரும்பித் தேய்ந்தது. தட்சிணாமூர்த்தியின் கண்ணோரத்தில் நீர் இறங்கி மூக்கைத் தாண்டித் தலையணைக்குப் போயிற்று. அவள் துடைக்கவில்லை.

“இன்னாதான் ஆவும்?”

“உக்காரலாம். நாக்காலில உக்காரவெச்சி வாசல்ல தள்ளிகினு போனா ரோட்டப் பாக்கலாம். படுத்தே கெடந்தா முதுவு புண்ணாயிடும், நாத்தம் வரும், புழு வெக்கும். நான் பாத்துக்குவேன். ஆனா எனக்கும் அறுவத்தாறு ஆவுது, எத்தினி நாளைக்குத் தூக்குவேன்னு சொல்ல முடியாது. அவ்ளோதான்.”

ஜெபா தலையைக் குனிந்துகொண்டாள். இப்படி ஒருவரும் நோயாளியிடம் பேசி அவள் கேட்டதில்லை.

தட்சிணாமூர்த்தி மனைவியின் முகத்தையே பார்த்தார். அதில் எதையோ தேடுவதுபோல நீண்ட நேரம் பார்த்தார். தேடியது கிடைத்ததா என்று சொல்ல முடியாது.

“நாக்காலிய எட்த்துகினு வா,” என்றார்.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் வந்தார்கள். ஜெபா முழங்காலைத் தாங்கினாள். வேம்புலியம்மாள் முதுகுக்குப் பின்னால் கைகொடுத்து, “நிமிருங்க,” என்றாள். உட்காரவைத்ததும் இடது கை நாற்காலிக்கு வெளியே தொங்கியது. அவள் குனிவதற்குள் அவரே வலது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்து, தூக்கி, தொடைமேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டார்.